ஒரு திருகுகூட

"இந்தக் கைப்பிடியை நான் தினமும் எங்க வீட்டு வாசல்ல பிடிக்கிறேன் சார்" என்றார் பல் டாக்டர்.

கைடு பாதி வாக்கியத்தில் நின்றார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் பதினோரு பார்வையாளர்கள் இருந்தார்கள். இருபத்திரண்டு வருடங்களில் பார்வையாளர் ஒருவர் அவரை விளக்கத்தின் நடுவில் நிறுத்தியது இதுவே முதல் தடவை.

"கயித்துக்கு அந்தப் பக்கம் கை நீட்டக் கூடாதுங்க."

"நான் எங்க நீட்டினேன்? கண்ணால பாக்கறேன். இது உங்க கம்பெனி ஃபேமிலி கார் கைப்பிடி. நாலு கதவு, பின்னாடி மூணு பேர் நெருக்கி உக்காருவாங்களே, அந்த வண்டி. ஆனா பலகையில வேற மாதிரி போட்டிருக்கீங்களே."

பதினோரு தலைகளும் பலகைப் பக்கம் திரும்பின.

அது பித்தளைப் பலகை. அதில் செதுக்கியிருந்தது: 'சாமானியனுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இதில் உள்ள ஒரு திருகுகூட வேறெந்த வண்டியிலும் இல்லை.' கீழே கம்பெனி சேர்மனின் கையெழுத்து, வால் சுழித்து, அப்படியே செதுக்கப்பட்டிருந்தது.

அந்த வரியை எழுதியவர் கைடுதான். கார் தொழிற்சாலை வளாகத்துக்குள் இந்த வரலாற்றுக் கூடம் திறந்தபோது, கம்பெனியின் அச்சுப் பிரிவில் பிழை திருத்திக்கொண்டிருந்த அவரை இங்கே அனுப்பினார்கள். விளம்பரத் தாள் ஒன்றிலிருந்து பாதியும் தன் மனதிலிருந்து பாதியும் எடுத்து வரியைச் செய்தார். சேர்மன் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் கைடு இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார்.

கார் செய்கிறவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கதவுக் கைப்பிடி வார்க்க அச்சு வேண்டும். அந்த அச்சின் செலவு, அதில் ஆயிரம் கைப்பிடி வார்த்தாலும் ஒன்றுதான், பத்து லட்சம் வார்த்தாலும் ஒன்றுதான். கொஞ்சம் பேரே வாங்கப்போகும் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு பெரிய கம்பெனி மலிவாக விற்க வேண்டுமானால் அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டாக வேண்டும். குடும்பக் காரின் தரைத்தகடு, என்ஜின், கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பிடி எல்லாவற்றையும் எடுத்துக்கொள். பின் சீட்டைக் கழற்று. கூரையை ஒரு சாண் இறக்கு. மூக்கை நீட்டு. சிவப்பு அடி. வேகம் காட்டும் முள்ளுக்கு மேலே இன்னும் ஓர் எண்ணைச் சேர்த்து எழுது. முடிந்தது. அதில் அவமானம் எதுவும் இல்லை. நல்ல தையல்காரர் செய்கிற வேலைதான் அது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

கைடு மெக்கானிக் அல்ல. அச்சில் வந்துவிட்டதை நம்புகிற பிரிவிலிருந்து வந்தவர்.

"உங்க கண்ணு ஏமாத்துது சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, கூட்டத்தை அடுத்த வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கூடத்தில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன. முதலாவது இந்தச் சிவப்பு. இரண்டாவது, ஆப்பு மாதிரி முன்பக்கம் சரிந்தது. சுவிட்சைத் தட்டினால் அதன் முன்விளக்குகள் கண்ணிமைபோல் திறக்கும். சில நாள் ஒரு கண் மட்டும் திறந்து பார்வையாளர்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். மூன்றாவது, சோப்புக் கட்டி மாதிரி உருண்டையாக, துணிக் கூரையோடு. மூன்றுமே அறிமுகமான சில வருடங்களில் நின்றுபோனவை. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். அதைப் பார்க்க ஆசையாக உள்ளே வருகிறவர், மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரையும் மனதுக்குள் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, குடும்பக் காருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஸ்போர்ட்ஸ் கார் விற்காமலே தன் வேலையைச் செய்துவிட்டது என்று கம்பெனி அதை நிறுத்திவிடும். பத்து வருடம் கழித்து இன்னொன்றைக் கொண்டுவரும்.

இப்போது நாலாவது வரப்போகிறது. மூன்று மாதம் கழித்து, இதே கூடத்தில் அறிமுக விழா.

மதியம் கைடு ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய், பதினெட்டு வருடமாகத் தான் ஓட்டும் குடும்பக் காரின் முன் நின்றார். கைப்பிடியைப் பார்த்தார். கூடத்துக்கு வந்து சிவப்பு வண்டியின் கைப்பிடியைப் பார்த்தார். திரும்பப் போய்த் தன் வண்டியைப் பார்த்தார். பதினெட்டு வருடமாகக் காலையிலும் மாலையிலும் தன் கை பிடித்துத் திறந்தது அதுவேதான்.

தலைமை அலுவலக விளம்பரப் பிரிவு மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், பலகையில ஒரு சின்னத் திருத்தம். முதல் வண்டிப் பலகை."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "சேர்மன் கையெழுத்து இருக்கே, அதுவா?"

"அதேதான். 'ஒரு திருகுகூட'ங்கறதுக்கு முன்னாடி 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை..."

"சார், விழா அன்னைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி சேர்மன் அந்த வரியை நின்னு படிக்கப் போறார். இருபத்திரண்டு வருஷமா தப்புன்னு இப்ப நான் போய்ச் சொல்லட்டுமா? உங்க கூடத்தை மூடிட்டு கேன்டீனை நீட்டணும்னு ஒரு ஃபைல் ஏற்கனவே சுத்திக்கிட்டிருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"பலகையை மாத்தணும்னா சட்டப் பிரிவு, என் பிரிவு, சேர்மன் ஆபீஸ், மூணு கையெழுத்து வேணும். அதெல்லாம் நடக்கற காரியமா? பலகைக்குத் தகுந்த மாதிரி வண்டியை வெச்சுக்கோங்க சார்."

மேடம் போனை வைப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. கைடு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. கூடத்தை மூடினால் கேன்டீனில் நின்று இட்ட வேலையைச் செய்ய வேண்டியதுதான்.

மறுநாள் காலை பல் டாக்டர் மறுபடி வந்தார். கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

"நேத்து எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க. பழைய கார்தான் எனக்கு உயிர்" என்றார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மெலிந்து வளைந்த இரண்டு அலுமினியக் கைப்பிடிகள், மீன் மாதிரி பளபளத்தன. "எனக்குத் தெரிஞ்ச பட்டறையில ராத்திரியோட ராத்திரியா செய்யச் சொன்னேன். எந்த வண்டியிலயும் கிடையாது. உங்க பலகை சொல்ற மாதிரியே."

"காசு?"

"ஐயோ, அதெல்லாம் பேசாதீங்க. பழசை மட்டும் நான் எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன். இங்க கிடந்தா யாராவது பாத்து என்னன்னு கேப்பாங்க."

கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் திங்கள் டாக்டர் தன் பெட்டியைத் திறந்து ஸ்பேனரைத் தேர்ந்தெடுத்தார். "ரெண்டு நிமிஷம். வலிக்காது" என்றார், வண்டியிடமா கைடிடமா என்று தெரியவில்லை.

வளாகத்திலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். காட்சிப் பொருள் வெளியே போக வேண்டுமானால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஆனால் இது காட்சிப் பொருள் இல்லையே, தவறுதலாக அதில் ஒட்டிக்கொண்டிருந்த வேறு வண்டியின் பாகம்தானே என்று கைடுக்குத் தோன்றியது. அந்த மாதிரி உதிரிகளுக்கு அவர் கையெழுத்தே போதும். பலகையில் ஒரு வார்த்தை மாற்ற மூன்று கையெழுத்து. வண்டியைக் கழற்ற ஒன்று.

பொருள்: ஃபேமிலி கார் பாகம் — கதவுக் கைப்பிடி. எண்ணிக்கை: 2. திரும்பி வருமா: வராது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் கால் லேசாக இழுத்து நடப்பவர். முன்பு தொழிற்சாலைக்குள் தகடு அடிக்கும் பகுதியில் இருந்து, காலில் தகடு விழுந்த பிறகு கேட்டுக்கு வந்தவர். பாஸைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கைப்பிடிகளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஃபேமிலி கார் பாகம்" என்று வாய்விட்டுச் சொன்னார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்."

கைடுக்கு மனசு லேசானது.

புதுக் கைப்பிடி மெலிந்தது. கதவில் இருந்த ஓட்டை பழைய கைப்பிடிக்காக வெட்டியது. ஆகவே ஓட்டையின் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கைடு சிவப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தார். காயத்துக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

"கதவையே மாத்திடலாம். ஓட்டை இந்த அளவுன்னா கதவும் ஃபேமிலி கார் கதவுதான் சார்" என்றார் டாக்டர். "பக்கத்துப் பல்லு சொத்தையா இருந்தா வெச்சிருந்து என்ன செய்யறது?"

கதவுகள் போயின. புதுக் கதவுகள் வந்தன. பட்டறைக்காரர் அடித்த சிவப்பு நல்ல சிவப்புதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் ஜன்னல் வெயில் வாங்கிய பழைய சிவப்பு, தேய்ந்த செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆகவே புதுக் கதவு இரண்டும் முகத்தில் பூசிய மருதாணி மாதிரி தனியாகத் தெரிந்தன. பார்வையாளர்களில் ஒரு அம்மா, "விபத்துல அடிபட்ட வண்டியாங்க?" என்று கேட்டேவிட்டார்.

நிறம் ஒத்துப்போவதற்காக பானட், முன் மட்கார்டு, பின் மூடி எல்லாம் மாறின. பாஸ் எழுத எழுதக் கைடுக்குக் கை பழகிவிட்டது. 'ஃபேமிலி கார் பாகம்' என்பதை இப்போது கையெழுத்து மாதிரி ஒரே இழுப்பில் எழுதினார்.

வீட்டில் மனைவி ஒருநாள் காலை, அவர் சட்டைக் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க வாயால பேசற வேலைதானே பாக்கறீங்க? இது எங்கருந்து வந்துச்சு?"

கைடு சொன்னார். எல்லாவற்றையும், பலகையில் ஆரம்பித்து.

"கைப்பிடி தப்புன்னா பலகையை மாத்தறதை விட்டுட்டு..."

"பித்தளைடி அது. சேர்மன் கையெழுத்து இருக்கு."

"சரி. அந்த டாக்டர் எதுக்கு நமக்காக இவ்வளவு பாடுபடறாரு?"

"ரசனை உள்ள மனுஷன்."

"ரசனை உள்ள மனுஷன் புதுசைக் குடுத்துட்டுப் பழசைத் தூக்கிட்டுப் போவாரா?"

"பல்லைப் பிடுங்கினவர் அதை நம்ம கையிலயா குடுத்து அனுப்பறார்?"

"என் கையில குடுத்தாங்க" என்றாள் மனைவி. "காகிதத்துல சுத்தி. போன வருஷம். அலமாரியில இருக்கு, வேணும்னா பாருங்க."

கைடு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அவள் கேட்டது நாள் முழுக்க உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அப்போது வண்டி பாதிக்கு மேல் மாறிவிட்டது. பாதியில் நிறுத்தினால் பலகையும் பொய், வண்டியும் பொய். முழுதாக மாற்றிவிட்டால் பலகையாவது உண்மையாகும்.

பானட் கழற்றியதில் என்ஜின் வெளியே தெரிந்தது. அதுவரை பூட்டியே கிடந்த பானட் அது. டாக்டர் குனிந்து, சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு, கடைவாய் பார்க்கிற மாதிரி பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"சொல்லுங்க டாக்டர். பரவாயில்ல."

"என்ஜின்ல குத்தியிருக்கற எழுத்தைப் பாருங்க. உங்க வண்டியில இருக்கறதும் இதுவும் ஒரே வரிசை."

கைடு படியில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷம். ஆயிரக்கணக்கான பேருக்கு 'சிங்கத்தோட இதயம்'னு சொல்லியிருக்கேன்."

"சிங்கம்தான். கொஞ்சம் வீட்டுல வளர்ந்த சிங்கம்" என்றார் டாக்டர், தோளைத் தட்டி.

புதிய என்ஜின் கண்ணைப் பறித்தது. நீளமான குழாய்கள், பளபளக்கும் மூடி. உள்ளே ஒன்றும் இல்லை. ஓடாத வண்டிக்கு ஓடுகிற என்ஜின் எதற்கு என்றார் டாக்டர். அது நியாயமாகவே பட்டது.

வண்டியின் எடையைத் தாங்குவது நான்கு மூலையிலும் உள்ள ஸ்பிரிங்குகள். முன்னால் இருக்கிற இரண்டும், இரும்பு என்ஜினின் எடை மேலே அழுத்திக்கொண்டிருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. அந்த எடையை எடுத்துவிட்டுத் தகரப் பெட்டியை வைத்தால் ஸ்பிரிங் என்ன செய்யும்? மூச்சை இழுத்துக்கொண்டு நிமிரும். செவ்வாய்க்கிழமை காலை கைடு கூடத்தைத் திறந்தபோது, சிவப்பு வண்டி முன்பக்கம் நான்கு விரல் தூக்கி, மேலே ஏதோ வாசனை வருகிற மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா?" என்று போனில் கேட்டார்.

"ஸ்பிரிங் எதுல மாட்டியிருக்கு? தரைத்தகட்டுல. தரைத்தகட்டுல என்ன குத்தியிருக்கு? வண்டி நம்பர். போன வாரமே பாத்தேன், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. அதுவும் ஃபேமிலி கார் வரிசைதான் சார். வேர் வரைக்கும் போயிருக்கு. மொத்தமா எடுத்துட்டுப் புதுசா வெச்சுடுவோம்."

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு வேன் வந்தது. புதிய தரைத்தகடு, அதன்மேல் புதுக் கூரை, நான்கு சக்கரம் இறங்கின. பழைய தரைத்தகடும் அதோடு ஒட்டியிருந்த கூரையும் ஏறின. கைடு அதற்கும் பாஸ் எழுதினார். ஃபேமிலி கார் பாகம் — தரைத்தகடு, கூரையுடன். எண்ணிக்கை: 1. வராது.

வாட்ச்மேன் வேனுக்குள் தலையை விட்டு, கூரையும் தூணும் சேரும் மூலையைக் கட்டை விரலால் தடவினார். "பரவாயில்ல, விடாம பிடிச்சிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கேட்டைத் திறந்துவிட்டார்.

விழா நாள் வந்தது. கூடம் நிறைய நாற்காலிகள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். நாலாவது ஸ்போர்ட்ஸ் கார் துணி மூடி நடுவில் நின்றது. கைடு சலவைச் சட்டையில் முதல் வண்டி அருகே நின்றார். இன்று அந்தப் பலகையில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக.

சேர்மன் வந்தார். வயதாகியிருந்தாலும் நடையில் தொய்வில்லை. ஆனால் பலகைப் பக்கம் போகவில்லை. நேராக ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம புது ஸ்போர்ட்ஸ் கார் ஏன் விலை குறைவுன்னு கேக்கறாங்க. ஒளிச்சு வெக்க ஒண்ணுமில்ல. அதுல பாதி நம்ம ஃபேமிலி கார் பாகங்கள்தான். நாற்பது வருஷம் முன்னாடி முதல் வண்டியையும் அப்படித்தான் செஞ்சோம். அதுதான் நம்ம பெருமை. குடும்பத்துல பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்!"

கைதட்டல். விளம்பரப் பிரிவு மேடம் ஓர் ஆளைக் கண்ணால் அழைத்தார். அவன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து, பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டு, புதுப் பலகையை மாட்டினான். 'இது குடும்பத்தில் பிறந்தது. கைப்பிடி முதல் என்ஜின் வரை உங்கள் வீட்டுக் காரின் இரத்தம்.' இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"மேடம்" என்றார் கைடு, மெதுவாக. "மூணு கையெழுத்து?"

"மேல இருந்து வந்தா கையெழுத்து எதுக்கு சார்?"

"இதைச் சாட்சியோட காட்டப்போறேன்" என்று சேர்மன் தொடர்ந்தார். "நம்ம கூடத்து வண்டியைத் தவிர இன்னொரு முதல் மாடல் வண்டியை ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சு, உயிர் குடுத்து, ஓட்டிக்கிட்டே வந்திருக்கார்."

வெளியே என்ஜின் உறுமியது. அகலக் கதவு வழியாக, செங்கல் நிறத்துக்குத் தேய்ந்த ஒரு சிவப்பு வண்டி உள்ளே வந்து நின்றது. பல் டாக்டர் இறங்கி, அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சாத்தினார். கைடு தன் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கைப்பிடி.

பத்திரிகைக்காரர்கள் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார். "ரெண்டும் ஒரே மாடல்னா ஏன் ஒண்ணுகூட ஒத்துப்போகல?"

கம்பெனி இன்ஜினியர் குனிந்து டாக்டர் வண்டியின் தரைத்தகட்டைப் பார்த்தார். எண் இருந்தது. அந்த வருடத்து வரிசைதான், சரி என்றார். கூடத்து வண்டியின் கீழே குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். சேர்மன் பானட்டைத் தூக்கி, என்ஜினைச் சுட்டுவிரலால் தட்டினார்.

டொம் என்றது. காலி எண்ணெய் டின்னின் சத்தம்.

கூடம் சிரித்தது. கைடு முன்னால் ஓடினார்.

"ஐயா, அது நம்ம வண்டிங்கய்யா! இவர்தான் மூணு மாசமா ஒவ்வொண்ணாக் கழட்டிட்டுப் போனார். கேட் பாஸ் இருக்கு, பாருங்க!"

பாஸ் புத்தகம் வந்தது. மேடம் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார். "ஃபேமிலி கார் பாகம், கைப்பிடி. ஃபேமிலி கார் பாகம், கதவு. ஃபேமிலி கார் பாகம், என்ஜின். இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா..."

"நான் எடுத்துட்டுப் போனது ஃபேமிலி கார் பாகங்கதான். அவரே எழுதியிருக்காரே" என்றார் டாக்டர், வருத்தமான குரலில். "பழசு வேணாம்னார், எடுத்துக்கிட்டேன். பாவம், நல்ல மனுஷர். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒன்றும் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். டாக்டரின் வண்டி கூடத்தின் நடுவில் நிறுத்தப்பட்டது. பதிலுக்கு நாலாவது ஸ்போர்ட்ஸ் காரின் முதல் சாவி டாக்டர் கையில் தரப்பட்டது. கூடத்துக்குக் கௌரவ ஆலோசகரும் அவர்தான். அவர் போகும்போது கைடின் தோளைத் தட்டினார், பல் பிடுங்கிய பிறகு தட்டுகிற மாதிரி. தகர வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேன்டீன் பின்னால் போட்டார்கள். கழற்றிய பித்தளைப் பலகையை மேடம் கைடிடம் நீட்டினார். "உங்க வரிதானே சார். ஞாபகமா வெச்சுக்கோங்க."

மாலை ஐந்தரைக்குக் கைடு தன் குடும்பக் காரை கேட்டருகே நிறுத்தினார். பக்கத்து சீட்டில் பலகை. வாட்ச்மேன் கால் இழுத்து வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்ன பொருள் சார் அது? பாஸ் இருக்கா?"

கைடு கடைசியாக ஒரு பாஸ் எழுதினார். பலகை. 1. வராது.

வாட்ச்மேன் அதை வாங்கிப் பார்த்தார். "ஃபேமிலி கார் பாகம்னு போடலியா?"

"என்னைக் கேலி பண்ணாதீங்கண்ணே." கைடு என்ஜினை அணைத்தார். "முதல் ஸ்போர்ட்ஸ் காரையே துண்டு துண்டா வெளிய அனுப்பியிருக்கேன். ஒவ்வொரு துண்டும் உங்க கையைத் தாண்டித்தானே போச்சு? ஏன் சார்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"எந்த ஸ்போர்ட்ஸ் கார் சார்?"

"கூடத்துல நின்னதே, அந்தச் சிவப்பு வண்டிண்ணே!"

வாட்ச்மேன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பலகையை எடுத்து, தோள் துண்டால் ஒரு தடவை துடைத்தார்.

"அசல் வண்டியெல்லாம் துருப்பிடிச்சு, கூடம் திறக்கறப்பவே ஒண்ணுகூட மிச்சமில்ல சார். பத்து நாள்ல ஏதாவது நிறுத்தணும்னு அப்ப இருந்த மேனேஜர் ஒத்தக்கால்ல நின்னார். நானும் இன்னும் மூணு பேரும் ஒரு பழைய ஃபேமிலி காரைப் பிடிச்சு, பின் சீட்டைப் பிடுங்கி, கூரையை அறுத்து இறக்கி ஒட்டி, சிவப்பு அடிச்சு நிறுத்தினோம். பாஸ்ல நீங்க எழுதினதைப் பாத்து, தெரிஞ்சுதான் எழுதறீங்கன்னு நினைச்சுட்டேன்" என்று பலகையை அவர் மடியில் வைத்தார். "அந்த வண்டிக்குன்னே தனியா செஞ்சது இந்தப் பலகை ஒண்ணுதான் சார்."